விளக்கை ஆட்டிய கை
ஆன்ரி ஜார்ஜ் க்ளூஸோவின் 'லெ கோர்போ' திரைப்படத்தில் நன்மையும் தீமையும்

பிரெஞ்சுத் திரைப்படங்களில் நன்மை தீமை பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் தவறாமல் எடுத்துக்காட்டப்படும் ஒரு காட்சி உண்டு. இரவு நேரம், ஆளற்ற பள்ளி வகுப்பறை. மேசைமீது ஓர் உலக உருண்டை. அதற்கு மேலே கம்பியில் தொங்கும் மின்விளக்கு. இரண்டு மருத்துவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மனிதர்கள் முழுக்க நல்லவர்களாகவோ முழுக்கத் தீயவர்களாகவோ இருப்பதாக நீ நம்புகிறாய், நன்மை ஒளியென்றும் தீமை இருளென்றும் எண்ணுகிறாய் என்று முதியவர் இளையவரைக் கேலி செய்கிறார். பிறகு விளக்கைக் கையால் தள்ளி ஆடவிடுகிறார். ஒளியும் நிழலும் அறையெங்கும், உலக உருண்டையின்மீதும், அவ்விருவர் முகங்களிலும் மாறி மாறி விழுகின்றன. இப்போது சொல், ஒளி எங்கே, இருள் எங்கே, எல்லை எங்கே என்று கேட்கிறார். விளக்கை நிறுத்தினால் போயிற்று என்று இளையவர் கை நீட்டுகிறார், கை சுட்டுவிடுகிறது. தம் சோதனை நிரூபணமாகிவிட்டதென்று முதியவர் மகிழ்ந்துகொள்கிறார்.

1943 செப்டம்பரில் வெளியான 'லெ கோர்போ' (அண்டங்காக்கை) படத்தின் தத்துவமே இக்காட்சிதான் என்று எழுதியோர் பலர். நன்மையும் தீமையும் பிரிக்க இயலாதவை என்பதே இயக்குநர் க்ளூஸோவின் தீர்ப்பென்றும், இப்படத்தின் பெருமை அந்தத் துணிவில் இருப்பதென்றும் அவர்கள் கருதினர். அவ்வாறு வாசிப்பவர்கள் ஒரு சிறு விஷயத்தைப் பொருட்படுத்தவில்லை என்பது நமது எண்ணம். அந்த வாதத்தை முன்வைப்பவர் யார்? படம் முடியும்போது நமக்குத் தெரியவருகிறது: ஊரையே நஞ்சூட்டிய குற்றவாளி அவர்தாம். மர்மக் கதையின் முடிவை முன்கூட்டியே சொல்வது நாகரிகமன்று என்பதை அறிவோம். ஆனால் எண்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட இப்படத்தை அதன் முடிவைத் தொடாமல் ஒழுங்காகப் பேசவே முடியாது.

கதை நிகழும் ஊர் சான் ரொபேன் என்ற கற்பனையான சிற்றூர். இங்கோ வேறெங்கோ உள்ள ஒரு சிற்றூர் என்ற பொருள்பட அறிவித்துவிட்டே படம் தொடங்குகிறது. ரெமி ஜெர்மேன் என்ற மருத்துவர் ஒரு பண்ணை வீட்டிலிருந்து வெளியே வந்து கைகழுவுகிறார். பிரசவத்தில் தாயைக் காப்பாற்றிவிட்டார், குழந்தை போய்விட்டது. சில நாள்களில் அவருக்கு ஒரு கடிதம் வருகிறது. சக மருத்துவர் வோர்ஸேயின் இளம் மனைவி லோராவுடன் அவருக்குத் தகாத உறவு என்றும், அவர் கருக்கலைப்புச் செய்பவர் என்றும் அது குற்றஞ்சாட்டுகிறது. அடியில் கையொப்பம்: அண்டங்காக்கை. கடிதங்கள் பெருகுகின்றன. மருத்துவமனை நிர்வாகி, அதிகாரி, பெரிய மனிதர், சிறியவர் என எவரையும் அவை விடுவதில்லை. ஊரில் ஒருவர் முகத்தை ஒருவர் நேரே பார்க்க இயலாத நிலை வந்துவிடுகிறது.

நம் மொழியில் இத்தகைய கடிதத்துக்கு 'மொட்டைக் கடிதம்' என்று பெயர். எழுதியவன் பெயர் இல்லாமையால் தலை மழிக்கப்பட்ட கடிதம். பிரெஞ்சு மக்களோ இப்படம் வந்த பிறகு அத்தகைய கடிதம் எழுதுபவனையே 'அண்டங்காக்கை' என அழைக்கத் தொடங்கினர். இன்றும் அங்கே செய்தித்தாள்களில் அச்சொல் அப்பொருளில் வழங்குகிறது. ஒரு திரைப்படம் ஒரு மொழிக்குச் சொல்லைக் கொடுப்பது அரிது.

கதைக்கு மூலமான நிகழ்ச்சி உண்மையில் நடந்தது. பிரான்சின் ட்யூல் என்னும் நகரில் 1917 முதல் 1922 வரை நூற்றுக்கும் மேற்பட்ட மொட்டைக் கடிதங்கள் பரவி ஊரைக் கலக்கின. லியோன் நகரத் தடயவியல் அறிஞர் எட்மண்ட் லொக்கார் சந்தேகத்துக்குரியவர்களை உட்காரவைத்து மணிக்கணக்கில் சொல்லச்சொல்ல எழுதவைத்தார். எழுதியவள் அரசு அலுவலகத்தில் பணியாற்றிய ஒரு பெண் என்று கண்டறியப்பட்டது. லூயி ஷவான்ஸ் இதை வைத்து உலகப்போருக்கு முன்பே திரைக்கதை எழுதிவிட்டார். அந்த எழுத்துச் சோதனை படத்திலும் வருகிறது. விளக்குக் காட்சி நிகழ்வது அச்சோதனை நடந்த வகுப்பறையில்தான்.

இனி மாந்தர்களுக்கு வருவோம். ஜெர்மேன் (பியர் ஃப்ரெனே) நேர்மையானவர், ஆனால் இறுகிய மனம். அவர் உண்மையில் பாரிஸ் நகரின் பெயர்பெற்ற மூளை அறுவை மருத்துவர். பிரசவத்தில் மனைவியையும் குழந்தையையும் ஒருசேரப் பறிகொடுத்தபின், அடையாளத்தை மறைத்து இந்த ஊரில் ஒதுங்கியிருப்பவர். குழந்தையைக் காப்பாற்றப் போய் இருவரையும் இழக்கச்செய்த மருத்துவம் அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருப்பதால், இக்கட்டு வரும்போது தாயின் பக்கமே சாய்கிறார். ஊருக்குத் தெரிந்தது பிந்தியது மட்டும், முந்தியது தெரியாது. ஒரு மனிதனின் செயலைக் கண்டவர்கள் அவன் நெஞ்சைக் கண்டுவிட்டதாக நம்புவதிலிருந்துதான் இப்படத்தின் எல்லாத் துன்பங்களும் பிறக்கின்றன.

தெனீஸ் (ஜினெத் லெக்லேர்) ஊராரால் ஒழுக்கங்கெட்டவள் எனப் பழிக்கப்படுபவள். ஆண்களைத் தேடிப்போகிறாள், அதை மறைப்பதுமில்லை. மறைப்பது ஒன்றை மட்டும்: விபத்தொன்றில் ஊனமுற்று நொண்டும் காலை. ஜெர்மேன் அதைக் கண்டுகொள்ளும் கணத்தில் அவள் முகத்தில் தோன்றும் வெட்கம், வேறெந்தப் பழிக்கும் அவள் முகத்தில் தோன்றியதில்லை. இதற்கு நேர் எதிராக லோரா: அடக்கமானவள், நோயாளிகளை நாடிச்சென்று உதவுபவள், வெண்மையின் உருவம். அவளுடைய சகோதரி மரி கோர்பேன் ஒரு தாதி. கறுத்த உடையும் கடுகடுத்த முகமும் நோயாளிகளிடம் கனிவற்ற பேச்சுமாகத் திரிபவள்.

க்ளூஸோவின் சாமர்த்தியம் இங்கே தொடங்குகிறது. மரியை அவர் நம் முன் நிறுத்தும் விதத்தைப் பாருங்கள். அவள் பெயரிலேயே காக்கையின் ஒலி இருக்கிறது. காக்கையைப் போலவே கறுப்பு அணிகிறாள். எவரையும் நேசிப்பதாகத் தெரியவில்லை. ஊரார் அவளைச் சந்தேகிக்குமுன் நாம் சந்தேகித்துவிடுகிறோம். தற்கொலை செய்துகொண்ட நோயாளி ஒருவரின் சவ ஊர்வலத்தில் ஒரு கடிதம் விழுகிறது. அதன் பிறகு கூட்டம் அவள்மீது பாய்கிறது. வெறிச்சோடிய தெருக்களில் அவள் ஓடுகிறாள். துரத்துவோர் திரையில் இல்லை, அவர்களின் கூச்சல் மட்டும் கேட்கிறது. முகமற்ற அந்தக் கூட்டத்தில் பார்வையாளர்களாகிய நாமும் இருக்கிறோம் என்பது சற்றுத் தாமதமாகத்தான் உறைக்கிறது. அவள் கைதாகிறாள், ஊர் நிம்மதி அடைகிறது. ஆனால் தேவாலயத்தில் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கையில் மேல்மாடத்திலிருந்து இன்னொரு கடிதம் மிதந்து மிதந்து இறங்குகிறது. மரி குற்றமற்றவள்.

ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் மூன்று விலக்கல்களை ஒரே தொடராக வைப்பதை நாம் அறிவோம்: முதலில் கெட்ட எண்ணம், அடுத்துத் துருவித் துருவி ஆராய்தல், அதன்பின் புறம்பேசுதல். முஃபஸ்ஸிர்கள் இவ்வரிசையில் ஒரு காரண காரியத் தொடர்பைக் கண்டனர். சந்தேகம் நெஞ்சில் விழுந்தால் கண் வேவு பார்க்கப் புறப்படும், கண் கண்டதை நா கொட்டும். சான் ரொபேன் ஊரில் கடிதங்கள் செய்வது இத்தொடரைச் சுழலவிடுவதுதான். நாவின் பணியைக் கடிதம் முதலில் செய்துவிடுகிறது. அதனால் சந்தேகம் பிறக்கிறது, சந்தேகத்தால் வேவு பிறக்கிறது. கடைசியில் ஊரார் ஒவ்வொருவரும் ஓர் அரைக் காக்கையாக மாறிவிடுகிறார்கள்.

இன்னும் நுட்பமான இடம் ஒன்றுண்டு. அண்டங்காக்கையின் கடிதங்களில் பொய் உண்டு, உண்மையும் நிறைய உண்டு. அவற்றில் மிகக் கொடியது முழுக்க முழுக்க உண்மையான ஒரு கடிதம். மருத்துவமனையில் புற்றுநோயால் படுத்திருக்கும் ஃப்ரான்ஸுவா என்ற இளைஞனுக்கு அவன் நோய் தீராதது என்று அக்கடிதம் தெரிவிக்கிறது. எல்லோரும் அறிந்து அவனிடமிருந்து மறைத்த செய்தி அது. அன்றிரவு அவன் சவரக்கத்தியால் தன் கழுத்தை அறுத்துக்கொள்கிறான். இதில் பொய் எங்கே இருக்கிறது? பொய்யை மட்டுமே தீமையெனக் கணக்கிடும் அறவியலுக்கு இக்கேள்வி ஒரு சிக்கல். இஸ்லாமிய மரபுக்கு அது சிக்கலன்று. ஒருவரிடம் உள்ள குறையைச் சொல்வது கீபத், இல்லாததைச் சொல்வது புஹ்தான் என்று நபி (ஸல்) அவர்கள் இரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டார்கள். கீபத்துக்கு உண்மையாக இருப்பது ஒரு மன்னிப்பாகவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் நாவின் கேடுகள் என இருபதை விரித்துரைக்கிறார். கோள் சொல்லலைப் பற்றிய பகுதியில், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சேர்ப்பது மட்டும் கோளன்று, வெளிப்படுவதை எவர் வெறுப்பாரோ அதை வெளிப்படுத்துவதெல்லாம் கோள்தான் என்று அதன் எல்லையை அவர் விரிவுபடுத்துகிறார். அது நாவால் மட்டுமன்றி எழுத்தாலும் சைகையாலும் நிகழும் என்கிறார். திரையைக் கிழிப்பதே அதன் சாரம். அதே நூலில் புறம்பேசத் தூண்டும் காரணங்களை அடுக்கும்போது, பொதுமக்களுக்குரிய எட்டைச் சொல்லிவிட்டு, மார்க்கப் பற்றுள்ளோருக்கே உரியவை என மூன்றைத் தனியே வைக்கிறார்: தீமையைக் கண்ட வியப்பு, தவறியவர்மீது இரக்கம், அல்லாஹ்வுக்காக வரும் சினம். மூன்றும் பார்வைக்கு நற்குணங்கள். அவற்றின் போர்வையில் ஒருவரின் பெயர் நாவில் வந்துவிடும்போது அவை கீபத்தாகிவிடுகின்றன. சான் ரொபேன் ஊரின் கடிதங்கள் ஒழுக்கத்தின் மொழியில் எழுதப்பட்டவை என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். விபச்சாரம், கருக்கலைப்பு, கையாடல் என்று அவை சாடுபவை எல்லாம் நாமும் பாவமெனக் கருதுபவையே. தீமையை எதிர்க்கும் குரலில் தீமை பேசுவதால்தான் அதை ஊரால் அடையாளம் காண முடியவில்லை.

நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் கடமை நமக்கு உண்டல்லவா எனச் சிலர் கேட்கலாம். உண்டு. ஆனால் உமர் (ரலி) அவர்களைப் பற்றி இமாம் கஸ்ஸாலி எடுத்துரைக்கும் நிகழ்ச்சியை இங்கே மறக்கலாகாது. ஒரு வீட்டின் சுவரேறி உள்ளே பாவத்தில் இருந்தவனை அவர்கள் கையோடு பிடித்தபோது, அவன் தன் ஒரு பாவத்தை ஒப்புக்கொண்டு, கலீஃபாவின் மூன்று தவறுகளைச் சுட்டினான்: வேவு பார்த்தது, வாசல் வழியே வராதது, ஸலாம் சொல்லி அனுமதி பெறாதது. கலீஃபா அவனை விட்டுவிட்டார்கள். முறையிடுவதற்கும் எச்சரிப்பதற்கும் மார்க்கம் வழி திறந்து வைத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் நீதிபதியிடம் பெயர் சொல்லிப் புகார் செய்யலாம். அங்கே சொன்னவருக்கும் முகமுண்டு, பொறுப்புண்டு. மொட்டைக் கடிதத்தில் இல்லாதது அந்த முகம்தான்.

படத்தின் தலைப்பைக் கண்டதும் வேறொரு காக்கை நம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. ஸூரத்துல் மாயிதாவில் ஆதமின் மகன் தன் சகோதரனைக் கொன்றுவிட்டுச் செய்வதறியாது நிற்கையில், அல்லாஹ் ஒரு காக்கையை அனுப்புகிறான். அது நிலத்தைக் கீறி, சடலத்தை எப்படி மறைப்பதென்று கொலைகாரனுக்குக் கற்பிக்கிறது. சடலத்தைக் குறிக்க அங்கே ஆளப்படும் 'ஸவ்அத்' என்னும் அரபுச் சொல், மறைக்கப்பட வேண்டிய உறுப்பையும் இழிவையும் குறிப்பதாகும். ஆக மனித குலத்தின் முதல் கொலைக்குப் பின் காக்கை கற்றுத்தந்த பாடம், சகோதரனின் 'ஸவ்அத்'தை மூடு என்பது. க்ளூஸோவின் காக்கை செய்வது இதன் நேர்த் தலைகீழ். ஹுஜுராத் வசனமோ புறம்பேசுவதை இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிடுகிறது, அதுவும் பிணந்தின்னும் பறவையின் செயல். பிரெஞ்சு இயக்குநர் திருக்குர்ஆனை எண்ணிப் பெயரிட்டார் என்று நாம் சொல்லவரவில்லை. மூடும் காக்கைக்கும் தின்னும் காக்கைக்கும் இடையிலான தூரத்தை எண்ணிப்பார்க்கும் ஒரு வாசகருக்கு இப்படம் வேறு ஆழத்தில் திறக்கிறது என்பதே நாம் சொல்ல விரும்புவது.

படம் வெளியான காலத்தை மறந்து இவற்றைப் பேசுவது நியாயமாகாது. 1940இல் பிரான்ஸ் ஜெர்மானியர் வசமானது. 'லெ கோர்போ'வைத் தயாரித்த கான்டினென்டல் நிறுவனமே அந்த ஆண்டில் ஜெர்மானியப் பணத்தில் தொடங்கப்பட்டதுதான். அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுக்கும் பெயரற்ற கடிதங்கள் ஆக்கிரமிப்பு அதிகாரிகளின் மேசைகளில் குவிந்த நாள்கள் அவை. படத்தில் ஒரு ஜெர்மானியச் சிப்பாய்கூட இல்லை, போர் பற்றிய ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் அன்றைய பார்வையாளருக்கு எதுவும் புரியாமல் போயிருக்காது. கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பு இதை முற்றிலும் விலக்க வேண்டிய படமென்றது. தலைமறைவாக இயங்கிய எதிர்ப்பியக்க ஏடோ, பிரெஞ்சு மக்களை இழிவுபடுத்தி எதிரிக்குத் துணைபோவதாகச் சாடியது. விடுதலைக்குப் பின் படம் தடைசெய்யப்பட்டது. ஃப்ரெனேயும் ஜினெத் லெக்லேரும் சிறை சென்றனர். க்ளூஸோவுக்கு இயக்கத்திலிருந்து ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டு, பிறகு குறைக்கப்பட்டது. சார்த்ர், கொக்தோ போன்றோர் அவருக்காகக் குரல் கொடுத்தனர். 1947இல்தான் அவரால் அடுத்த படத்தைத் தர முடிந்தது.

ஒன்றுக்கொன்று பகையான முகாம்கள் ஒரே படத்தை வெறுத்தது ஏன்? ஒவ்வொரு முகாமும் தன் பக்கத்தில் தூய்மையைக் காண விரும்பியது, படமோ தூய்மையை எவருக்கும் வழங்கவில்லை. எதிர்ப்பியக்கத்தாரின் கோபத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட மாட்டோம். உயிரைப் பணயம் வைத்துப் போராடுகையில், பகைவனின் பணத்தில் தயாரான படம் நம் ஊரின் அழுக்கைக் காட்டினால் எவருக்கும் நெஞ்சு எரியும். ஆனால் அழுக்கைக் காட்டுவதும் அழுக்கை எழுதி அனுப்புவதும் ஒன்றல்ல. படம் எவருடைய பெயரையும் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்கள் குற்றம் கண்டபோது ஆளைச் சுட்டாமல், சிலருக்கு என்ன நேர்ந்தது, இப்படிச் செய்கிறார்களே என்று பொதுவாகச் சொல்லும் வழக்கம் கொண்டிருந்தார்கள் என ஹதீஸ்களில் காண்கிறோம். இங்கோ வேறெங்கோ என்று தொடங்கும் படத்தின் பணிவு அதிலிருந்து வெகு தொலைவில் இல்லை.

இப்போது விளக்குக்குத் திரும்புவோம். வோர்ஸே (பியர் லார்க்கே) மனநல மருத்துவர். மொட்டைக் கடிதம் எழுதுவோரின் உளவியலை விளக்கும் நிபுணராகவே அவர் கதையில் உலவுகிறார். வேடிக்கையாகப் பேசுகிறார், எவர்மீதும் கோபப்படுவதில்லை. படத்திலேயே அதிகம் விவரம் தெரிந்தவர் அவர்தான் என்று எண்ணி அவரோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் நடந்தது வேறு. ஜெர்மேனின்மீது கொண்ட ஈர்ப்பால் லோரா தொடக்கத்தில் கடிதம் எழுதினாள். அதைக் கண்டுபிடித்த கணவர் அவளைத் தடுக்கவில்லை. தாம் சொல்லச்சொல்ல அவளை எழுதவைத்தார். சபலத்தில் விழுந்த ஒரு பெண்ணின் பாவத்தை எடுத்து, ஊரை அழிக்கும் கருவியாக்கிக்கொண்டார். இதை அறிந்தபின் விளக்குக் காட்சியை மறுபடி பார்க்க வேண்டும். ஒளியும் இருளும் கலந்து ஆடியது உலகத்தின் இயல்பாலன்று. தொங்கும் விளக்கு தன் போக்கில் விட்டால் நேராகவே நிற்கும், அதன் ஒளி விழும் இடமும் நிழல் விழும் இடமும் தெளிவாகவே இருக்கும். அதை ஆடவைத்தது ஒரு கை. அந்தக் கையை எவரும் கவனிக்கவில்லை, விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லை அழிந்துவிட்டது என்று அறிவிப்பவருக்கு, எல்லை அழிவதில் சொந்த இலாபம் இருக்கிறது.

மாந்தர் கலப்பானவர்கள் என்பதைப் படம் உண்மையாகவே நம்புகிறது. தெனீஸிடம் நேர்மையும் பாவமும், லோராவிடம் கனிவும் வஞ்சமும், மரியிடம் கடுமையும் குற்றமின்மையும் சேர்ந்தே இருக்கின்றன. தன்னையே இடித்துரைக்கும் நஃப்ஸைத் திருக்குர்ஆன் சாட்சியாக்கிப் பேசுகிறது. நெஞ்சம் போர்க்களம் என்பதை மறுப்பவர் நம்மில் எவருமில்லை. ஆனால் நெஞ்சில் நன்மையும் தீமையும் மோதுவது வேறு, அவற்றுக்கிடையே வேறுபாடே இல்லையென்பது வேறு. முதலாவதைச் சொல்ல ஜெர்மேனும் தெனீஸும் போதும். இரண்டாவதைச் சொல்லக் க்ளூஸோ ஒரு குற்றவாளியைத் தேர்ந்தெடுத்தார்.

படத்தோடு நாம் உடன்படாத இடங்களும் உண்டு. தெனீஸின் வாழ்க்கை முறையைப் படம் ஏறத்தாழ ஒரு பொருட்டாகவே கொள்வதில்லை. ஊரின் போலி ஒழுக்கத்துக்கு எதிரே அவளை நிறுத்தியதும் அவளுடைய பாவம் கரைந்துவிட்டதாகப் பாவிக்கிறது. பாவத்தை மூடுவது ஒன்று, அது பாவமே அன்று எனல் மற்றொன்று. ஆயினும் அவள் வயிற்றில் வளரும் குழந்தை பிறக்க வேண்டுமென்று ஜெர்மேன் விரும்பத் தொடங்கும் இடம், இறுகிய மனிதர் ஒருவரின் மீட்சியாக நம்மைத் தொடுகிறது. தாயா சேயா என்ற பழைய கணக்கிலிருந்து அவர் விடுபட்டுவிடுகிறார்.

பெரிய மாறுபாடு முடிவில்தான். ஃப்ரான்ஸுவாவின் தாய் தன் மகனின் சவரக்கத்தியைப் பத்திரமாக வைத்திருந்தாள். ஜெர்மேன் உண்மையைக் கண்டுகொண்டு வோர்ஸேயின் அறைக்குள் நுழையும்போது, கடைசிக் கடிதத்தின்மீது கவிழ்ந்து அவர் இறந்துகிடக்கிறார். கறுப்பு முக்காடிட்ட தாய் வெயில் படிந்த தெருவில் தனியே நடந்து போகிறாள். அருகே சிறுவர்கள் விளையாடுகிறார்கள். ஜெர்மேன் சன்னலிலிருந்து பார்க்கிறார், அவளை அழைக்கவில்லை. கேமரா அவளைத் தண்டிக்கவில்லை, வாழ்த்தவும் இல்லை. நம் நெஞ்சு அவள் பக்கம் சாய்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பழிக்குப்பழியை இரத்த உறவினரின் தனிக் கையில் விடாமல் விசாரணைக்கும் ஆட்சியாளருக்கும் உட்படுத்திய ஷரீஅத்தின் வாசகர்கள் நாம். சற்றுமுன் இதே ஊர் மரியைக் குற்றவாளி என்று உறுதியாக நம்பிக் கல்லெறியத் தயாராக இருந்தது. அத்தாய் அன்று கத்தியோடு மரியிடம் போயிருந்தால்? இம்முறை அவள் சரியான வீட்டுக்குப் போனாள் என்பது படத்தின் அதிர்ஷ்டம்.

லோராவையும் எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கிறது. கடிதங்களை எழுதியவள் அவள் மட்டுமே என்று முடிவுகட்டி, மனநோய் விடுதிக்கு வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்கள். நான் இல்லை, நான் இல்லை என்று அவள் கதறுவதில் பாதி பொய், பாதி உண்மை. அவளை அனுப்பும் ஏற்பாட்டில் கணவருக்குத் துணை நின்றவர்களில் நேர்மையான ஜெர்மேனும் ஒருவர். வோர்ஸே இறந்தபின் அந்த வண்டி திரும்பி வந்ததா என்பதைப் படம் காட்டுவதில்லை.